ஹாரன் அடித்தா நாரை காட்டுவது?

ஆசிரியருக்கு,

நெல்லைச் சீமையில் இயற்கைச் சுற்றுலாவை வளர்ப்பது பற்றித் தங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன், வரவேற்கிறேன். ஆனால் பயணிகளை அழைத்துவரும் சுற்றுலா நிறுவனங்கள் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. நம் மாவட்டத்துக் கூந்தன்குளம் 1994இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்படுவதற்கு வெகு காலம் முன்பிருந்தே அவ்வூர் மக்கள் பறவைகளைக் காத்துவருகிறார்கள். தீபாவளிக்கும் அங்கே வெடிச்சத்தம் கேட்காது. வாசல் மரத்தில் நாரை கூடு கட்டினால், எச்சம் விழுகிறதே என்று யாரும் கிளையை வெட்டுவதில்லை. கடந்த பிப்ரவரியில் அங்கு போயிருந்தபோது, குளக்கரையில் வந்து நின்ற ஒரு சுற்றுலா வேனின் ஓட்டுநர், பறவைகள் பறப்பதைப் பயணிகள் படம் எடுக்கவேண்டும் என்பதற்காகவே ஹாரனை விடாமல் அழுத்தினார். நாரைகள் மொத்தமாக எழுந்துவிட்டன. வெண்தூவி மட்டுமே முளைத்திருந்த குஞ்சுகள் உச்சி வெயிலில் வாய் பிளந்து கிடந்தன. இரண்டு காகங்கள் கூட்டின் விளிம்புக்கே வந்துவிட்டன. அதைப் பார்த்து நின்ற எனக்கு வயிறு எரிந்தது.

கூடு கட்டும் மாதங்களில் சுற்றுலா வண்டிகளை ஊர் எல்லையிலேயே நிறுத்தி, உள்ளூர் வழிகாட்டி ஒருவருடன் நடந்தே குளத்துக்குச் செல்ல வனத்துறை விதி செய்ய வேண்டும். வழிகாட்டியின் கூலியை நிறுவனமே கட்டணத்தில் சேர்த்துக் கொடுக்கட்டும். பறவைகளை விரட்டிய நிறுவனத்துக்கு அடுத்த பருவத்தில் அனுமதி தரக் கூடாது.

– ஒரு வாசகர், பாளையங்கோட்டை