பேராசைக்காரன் எழுதும் கடிதம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செப்சிஸ் (தொற்றை எதிர்க்கப்போய் உடம்பே தன் உறுப்புகளைக் கெடுத்துக்கொள்ளும் நிலை) வந்தபின் நடப்பது யார் கையிலும் இல்லை, அதற்கும் நஷ்ட ஈடு கேட்டுக் கிளம்புவது பேராசை என்று சென்ற இதழின் மருத்துவக் கட்டுரையில் ஒரு வரி வந்திருந்தது. கிளம்பியவர்களில் நானும் ஒருவன்.

என் மனைவிக்குச் சிறுநீர்த் தொற்று. இரவு 9 மணிக்கு அவசரப் பிரிவில் சேர்த்தபோது உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. பத்து வருடத்துக்கு முன் இறந்துபோன அவளுடைய அண்ணன் வாசலில் நிற்பதாகவும், உள்ளே கூப்பிடும்படியும் சொன்னாள். டியூட்டி டாக்டரிடம் ஓடினேன். "காய்ச்சல் வேகத்தில் உளறுவதுதான், பயப்படாதீங்க" என்று பாராசிட்டமால் எழுதினார். நர்ஸ் ஒழுங்காகக் குறித்து வைத்திருக்கிறார்: மூச்சு நிமிடத்துக்கு 28, பிரஷரின் மேல் எண் 88. 2016-ல் செப்சிஸுக்குப் புது வரையறை வந்தபோது படுக்கையருகே கவனிக்கச் சொன்னவை மூன்றே மூன்று: மூச்சு 22-ஐத் தொடுவது, மேல் எண் 100 அல்லது அதற்குக் கீழே இறங்குவது, புத்தி தடுமாறுவது. தொற்று உள்ளவரிடம் இவற்றில் இரண்டு இருந்தாலே உஷாராக வேண்டும். இவளுக்கு மூன்றும் இருந்தன. முதல் ஆன்டிபயாடிக் ஏறியது விடிகாலை 4 மணிக்கு. உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போகிறதா என்று காட்டும் லாக்டேட் பரிசோதனை பார்த்தது அதற்கும் அப்புறம், ஐ.சி.யூ.வில்.

பிழைத்துவிட்டாள். ரத்த ஓட்டம் நின்றுபோனதால் வலது காலில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள். தையல் மிஷின் மிதித்துச் சம்பாதித்தவள் அவள். அந்தச் சம்பாத்தியத்தைக் கேட்பதைத்தான் உங்கள் கட்டுரையாளர் பேராசை என்கிறார்.

எல்லாத் தாமதமும் அலட்சியம் என்று நானும் சொல்லவில்லை. அதிர்ச்சி நிலை (பிரஷர் அபாயமாக இறங்கி உறுப்புகளுக்கு ரத்தம் போதாமல் போவது) இல்லாமல் வெறும் சந்தேகம் மட்டும் இருந்தால், பரிசோதித்துப் பார்க்க 3 மணி நேரம் வரை செப்சிஸ் சிகிச்சைக்கான 2021 சர்வதேச வழிகாட்டுதலே இடம் தந்தது. அதிர்ச்சி நிலை தெரிந்தால் ஒரு மணி நேரத்துக்குள் மருந்து ஏற வேண்டும். பிரஷர் இறங்கியபின் சரியான ஆன்டிபயாடிக் தள்ளிப்போன ஒவ்வொரு மணி நேரத்துக்கும் பிழைப்பவர்கள் சராசரியாக 7.6 சதவீதம் குறைந்ததாக 2006-லேயே ஓர் ஆய்வு வந்தது. இதெல்லாம் உங்களுக்குத் தெரியாததா? யார் கையிலும் இல்லையாம்! அந்த டாக்டரின் கையில் கடிகாரம் இருந்ததை நான் பார்த்தேன்.

சரி, நஷ்ட ஈடு கேட்பது அவ்வளவு சுலபமா? கேஸ் ஷீட் நகல் கேட்டு நான்கு மாதம் அலைந்தேன். பில்லில் ஒவ்வொரு பஞ்சுக்கும் கணக்கு இருந்தது. கேஸ் ஷீட்டில் முதல் ராத்திரியின் இரண்டு தாள்களைக் காணவில்லை. வக்கீல் நோட்டீஸ் போனதும் அவை கிடைத்துவிட்டன. அப்புறம் நிபுணர் கருத்து. மூன்று டாக்டர்கள் தாள்களைப் படித்துவிட்டு, நீங்கள் சொல்வது சரிதான், ஆனால் எழுத்தில் தர மாட்டோம் என்றார்கள். நான்காமவர் தந்தார். இப்போது மருத்துவமனை சொல்கிறது, மருந்து சீக்கிரம் கொடுத்திருந்தாலும் விரல்கள் போயிருக்குமாம். தாமதத்தைக் காட்டினால் போதாது. விரல்கள் போனது அந்தத் தாமதத்தால்தான் என்பதையும் நாங்களே நிரூபிக்க வேண்டும்.

வழக்கு நடப்பதால் மருத்துவமனையின் பெயரை எழுதவில்லை. உங்கள் பத்திரிகையைப் புரட்டினால் அது எப்படியும் ஏதாவது ஒரு முழுப்பக்கத்தில் சிரித்துக்கொண்டிருக்கும். முன்பு ஒரு செப்சிஸ் மரணத்துக்கு 'மர்மக் காய்ச்சல்' என்று தலைப்புப் போட்டீர்கள். அதில் மர்மம் ஒன்றுமில்லை, 2017-ல் மட்டும் உலகில் சுமார் 1 கோடியே 10 லட்சம் பேர் செப்சிஸோடு தொடர்புள்ள காரணங்களால் இறந்ததாக மதிப்பிட்டிருக்கிறார்கள் என்று விளக்கமாக எழுதினேன். அதை இரண்டு வரியாக வெட்டி, குறுக்கெழுத்துப் புதிருக்குக் கீழே வைத்தீர்கள். பாராட்டி எழுதும் கடிதங்களுக்கு மட்டும் எப்படித்தான் இடம் கிடைக்கிறதோ.

நான் கேட்பது மறுப்போ மன்னிப்போ அல்ல. அடுத்த இதழில் ஒரு சின்னக் கட்டம் போடுங்கள். தொற்று உள்ளவருக்கு மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, புத்தி தடுமாறினாலோ, நாள் முழுக்கச் சிறுநீர் போகாவிட்டாலோ, "இது செப்சிஸாக இருக்குமா?" என்று டாக்டரிடம் வாய்விட்டுக் கேளுங்கள் என்று அதில் இருக்கட்டும். கேஸ் ஷீட் நகலை எழுத்தில் கேளுங்கள், வழக்குப் போடக் காலக்கெடு உண்டு, தள்ளிப்போடாதீர்கள் என்பதையும் சேருங்கள். இடம் போதாவிட்டால் என் கடிதத்தை வழக்கம்போல வெட்டிக்கொள்ளுங்கள், கட்டத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத பழைய வாசகன்