எங்கள் இசைத்தட்டுச் சங்கத்தின் 2024-25 ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதம் ஒரு கலைஞர் என்று தாவாமல், ஓராண்டு முழுவதும் ஒரே குழுவின் இசைத்தட்டுகளை வரிசையாகக் கேட்பது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானித்தோம். நான் 1960களின் அமெரிக்க பாப் இசைக்குழுவான மங்கீஸை முன்மொழிந்தபோது மூத்த உறுப்பினர் ஒருவர் எழுந்து, "தொலைக்காட்சித் தொடருக்காக ஆளெடுத்துச் சேர்த்த கூட்டத்துக்கு ஓராண்டா?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அன்று என்னால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. இந்த அறிக்கையில் சொல்ல முயல்கிறேன்.

நிர்வாகச் செய்திகள் குறைவு. மே மாதக் கூட்டம் மின்தடையால் பாதியில் நின்றது, ஜூனில் தொடர்ந்தோம். ரெக்கார்டு பிளேயரின் ஊசியும் பெல்ட்டும் மாற்றப்பட்டன. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

அந்த மூத்த உறுப்பினர் சொன்னது உண்மைதான். பாப் ரஃபெல்சன், பெர்ட் ஷ்னைடர் என்ற இரு தயாரிப்பாளர்கள் 1965 செப்டம்பரில் ஹாலிவுட் பத்திரிகைகளில் விளம்பரம் கொடுத்து ஆள் தேடினார்கள். கடைசியில் தேர்வானவர்கள் நால்வர். மிக்கி டோலென்ஸ் சிறுவயதிலேயே தொலைக்காட்சியில் நடித்தவர். மான்செஸ்டரிலிருந்து வந்த டேவி ஜோன்ஸ் பிராட்வே மேடையில் பெயர் வாங்கியவர். டெக்சாஸ்காரரான மைக்கேல் நெஸ்மித் சொந்தமாகப் பாட்டெழுதி மெட்டமைப்பவர். பீட்டர் டார்க் நியூயார்க்கின் கிரீனிச் வில்லேஜில் நாட்டுப்புறப் பாடல்கள் பாடித் திரிந்தவர், பாஞ்சோவும் பியானோவும் கைவந்தவர். ஆக, நால்வரில் இருவர் ஏற்கெனவே இசைக்கலைஞர்கள். இதைப் பலரும் மறந்துவிடுகிறார்கள்.

தொடர் 1966 செப்டம்பர் 12 அன்று என்பிசி தொலைக்காட்சியில் தொடங்கியது. பாடல்களுக்குப் பொறுப்பாளர் டான் கிர்ஷ்னர். நீல் டயமண்ட், கரோல் கிங் போன்றோரிடமிருந்து பாடல்களை வாங்கினார். வாத்தியங்களை ஒலிப்பதிவுக்கென அமர்த்தப்பட்ட கலைஞர்கள் வாசித்தார்கள். நால்வரின் வேலை பெரும்பாலும் பாடுவதோடு முடிந்தது. முதல் ஆல்பம் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 13 வாரங்கள் முதலிடத்தில் இருந்தது. அதை இறக்கியது அவர்களுடைய இரண்டாவது ஆல்பமேதான், அது 18 வாரங்கள் இருந்தது.

நம்முடைய நவம்பர் கூட்டத்தில் சூடான விவாதம் இங்கேதான் எழுந்தது. திரையில் ஒருவர் வாயசைக்க இன்னொருவர் பாடுவதை எந்தக் குறையும் சொல்லாமல் தலைமுறை தலைமுறையாக ரசித்து வந்த நாம், சொந்தக் குரலில் பாடிய இந்த நால்வரைப் பார்த்துப் போலி என்று சொல்லலாமா என்று ஓர் இளம் உறுப்பினர் கேட்டார். அரங்கம் கைதட்டியது. நானும் தட்டினேன். ஆனால் வீடு திரும்பும்போது அது பாதிப் பதில்தான் என்று தோன்றியது. நம் திரைப்படங்களில் பின்னணிப் பாடகரின் பெயரை இசைத்தட்டின் உறையில் அச்சிடுகிறோம். மங்கீஸின் ஆரம்பகால உறைகளில் வாசித்தவர்களின் பெயர்கள் இல்லை. ரசிகர்கள் ஏமாந்ததாக உணர்ந்தது அதனால்தான்.

இருந்தாலும் அந்தப் பழியை இவர்கள் மட்டும் ஏன் சுமக்க வேண்டும்? லாஸ் ஏஞ்சலிஸில் அன்று அதுவே நடைமுறை. பேர்ட்ஸ் குழுவின் முதல் வெற்றிப் பாடலில் அக்குழுவைச் சேர்ந்த ரோஜர் மெக்வின் ஒருவர்தான் வாத்தியம் வாசித்தார். பீச் பாய்ஸ் குழு 1966இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்த ஹால் பிளெய்னும் கிதார் வாசித்த கிளென் கேம்பலும் மங்கீஸ் ஒலிப்பதிவிலும் வாசித்தவர்கள். ஆனால் அந்த இரு குழுவினரும் கலைஞர்கள், மங்கீஸ் பொம்மைகள் என்று தீர்ப்பு வந்தது. ஒரே கைகள் வாசித்த இசைக்கு இரண்டு தராசு வைத்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

இரண்டாவது ஆல்பம் 1967 ஜனவரியில் நால்வருக்கும் தெரியாமலேயே வெளியானது. நெஸ்மித் கொதித்தார். தங்கள் தட்டுகளில் தாங்கள் வாசிக்கவில்லை என்று பத்திரிகையிடமே வெளிப்படையாகச் சொன்னார். பெவர்லி ஹில்ஸ் ஓட்டலில் நடந்த சந்திப்பில், ஒப்பந்தத்தை நினைவூட்டிய வழக்கறிஞரின் எதிரில் சுவரை முஷ்டியால் குத்தி உடைத்தார். வாரந்தோறும் பணம் கொட்டிக்கொண்டிருந்த நேரத்தில், நாங்களே வாசிக்க வேண்டும் என்று கேட்டு நின்றார்கள். அடுத்த மாதம் கிர்ஷ்னர் வெளியேற்றப்பட்டார். அவர் பிறகு இசைப் பொறுப்பேற்ற ஆர்ச்சீஸ் குழு கார்ட்டூன் பாத்திரங்களால் ஆனது.

டர்ட்டில்ஸ் குழுவின் சிப் டக்ளஸைத் தயாரிப்பாளராக வைத்துக்கொண்டு, நால்வரும் ஆர்சிஏ ஒலிப்பதிவுக் கூடத்தில் அமர்ந்து உருவாக்கிய 'ஹெட்குவார்ட்டர்ஸ்' 1967 மே 22 அன்று வெளியானது. இதை ஜனவரிக் கூட்டத்தில் இரண்டு முறை முழுமையாகக் கேட்டோம். நம் உறுப்பினரான மிருதங்கக் கலைஞர் கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "டிரம்ஸில் காலப்பிரமாணம் சில இடங்களில் ஓடுகிறது, ஆனால் நால்வரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டே வாசிக்கிறார்கள்" என்றார். இவ்வளவு சரியாக இதைச் சொன்னவரை நான் அறியேன். டோலென்ஸ் தொடருக்காகத்தான் டிரம்ஸ் கற்றார். அந்தத் தடுமாற்றம் தட்டில் கேட்கிறது. மறைக்காமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். டார்க்கின் பாஞ்சோவும் விசைப்பலகையும் நெஸ்மித்தின் ஸ்டீல் கிதாரும் சேர்ந்து, முந்தைய இரண்டு ஆல்பங்களில் இல்லாத உயிரோட்டத்தைக் கொடுக்கின்றன. இது ஒரே ஒரு வாரம் முதலிடத்தில் இருந்தது. பிறகு பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்' வந்தது. ஹெட்குவார்ட்டர்ஸ் அதற்கு அடுத்த இடத்தில் 11 வாரங்கள் நின்றது.

என் சொந்தத் தேர்வு, 1967 நவம்பரில் வந்த நான்காவது ஆல்பம். அதில் வெளிக்கலைஞர்களும் வாசித்தார்கள், ஆனால் இம்முறை இவர்கள் அழைத்து. மூக் சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவி ஒலித்த முதல் சில பாப் ஆல்பங்களில் அதுவும் ஒன்று. கருவியே டோலென்ஸுக்குச் சொந்தம். 1967 என்ற ஒரே ஆண்டில் இவர்களுடைய நான்கு ஆல்பங்கள் முதலிடத்தில் இருந்தன.

பிந்தைய ஆண்டுகளை விரைவாகவே கடந்தோம். 1968 மார்ச்சில் தொடர் நின்றது, அதே ஆண்டில் இவர்கள் நடித்த திரைப்படம் தோற்றது, சில ஆண்டுகளில் குழுவும் கலைந்தது. 1986இல் எம்டிவி என்ற இசைத் தொலைக்காட்சி பழைய தொடரை மறுபடி ஒளிபரப்ப, அது முதலில் வந்தபோது பிறந்திராத பிள்ளைகளும் ரசிகர்களானார்கள். நெஸ்மித் எழுதி இக்குழு பாடிய 'மேரி, மேரி'யை 1988இல் ரன்-டிஎம்சி என்ற ராப் குழு எடுத்தாண்டது. வெறும் தொலைக்காட்சி விளம்பரமாக இருந்திருந்தால் 22 ஆண்டுகள் கழித்து எவரும் தேடிப் போயிருக்க மாட்டார்கள். சிறந்த ராக் கலைஞர்களைக் கௌரவிக்கும் கிளீவ்லேண்டின் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேம் இன்னும் இவர்களுக்கு இடம் தரவில்லை. அது தவறு என்பது செயலாளர் என்ற முறையில் என் பதிவு.

டேவி ஜோன்ஸ் 2012இலும், பீட்டர் டார்க் 2019இலும், மைக்கேல் நெஸ்மித் 2021இலும் காலமானார்கள். மார்ச் கூட்டத்தில் மூவருக்கும் ஒரு நிமிடம் மௌனம் அனுசரித்தோம். பிறகு 'டேட்ரீம் பிலீவர்' போட்டோம். அதன் தொடக்கப் பியானோ பீட்டர் டார்க்கினுடையது. நம் மூத்த உறுப்பினர் ஊசியைத் தானே தூக்கி, மறுபடியும் தொடக்கத்தில் வைத்தார்.

ஹெட்குவார்ட்டர்ஸ் தட்டை இரவல் தந்த உறுப்பினருக்கும், கூடத்துக்கு வாடகை வாங்காத குடும்பத்துக்கும் நன்றி. அடுத்த ஆண்டுக்கான குழுவை முன்மொழிய விரும்புவோர் இன்றே எழுதிக் கொடுக்கலாம். அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்