நார்ட்ஷ்லைஃபே: கதிருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள கதிர்,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சௌக்கியம் என்று அறிந்து சந்தோஷம், இங்கேயும் நலம்தான். கணினிக் கார் பந்தய விளையாட்டுக்கு வீல், பெடல் எல்லாம் வாங்கி மேசையில் பூட்டிவிட்டு, நேராக ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் உள்ள நீண்ட தடமான நார்ட்ஷ்லைஃபேயில் இறங்கிவிட்டாயாமே! நீச்சல் தெரியாமல் கிணற்றில் குதிப்பது உனக்குப் பழக்கம்தானே. நீ கேட்டிருப்பது இரண்டு. உன் ஆபீஸ் நண்பரின் நேரத்துக்கும் உன் நேரத்துக்கும் ஏன் ஒட்டவே மாட்டேன் என்கிறது? இரண்டு மூன்று இடங்களில் மட்டும் ஏன் திரும்பத் திரும்ப வேலியில் போய் முட்டுகிறாய்?

முதல் கேள்வி சுலபம். நீங்கள் இருவரும் ஓட்டுவது ஒரே தடம் அல்ல. நார்ட்ஷ்லைஃபேயின் முழுச் சுற்று 20.832 கி.மீ. பக்கத்திலுள்ள கிராண்ட் பிரீ தடத்தையும் சேர்த்து 24 மணி நேரப் பந்தயத்துக்கு ஓட்டுவது 25.378 கி.மீ. நீ ஓட்டும் அசெட்டோ கோர்சா விளையாட்டில் டூரிஸ்ட் என்று ஓர் அமைப்பு (தடத்தின் வடிவம்) உண்டு. அதில் நீண்ட நேர்பாதையின் பெரும்பகுதி கணக்கிலேயே வராது. யூடியூபில் பார்க்கும் கார் கம்பெனி சாதனைகளிலும் 2019க்கு முந்தையவை பெரும்பாலும் 20.6 கி.மீ.க்கானவை. அந்தச் சின்ன வித்தியாசமே நாலைந்து வினாடி சாப்பிட்டுவிடும். அமைப்பின் பெயரைச் சரிபார்க்காமல் நேரத்தை ஒப்பிடாதே.

தடத்தின் வயதும் ஒன்றல்ல. விளையாட்டுத் தடத்தை உருவாக்கும் லேசர் ஸ்கேன் என்பது நிஜச் சாலையின் மேடுபள்ளத்தைக் கணக்கற்ற புள்ளிகளாகப் பதிந்து, அதன்மேல் பரப்பை விரிப்பது. அசெட்டோ கோர்சாவில் கண் பார்க்கும் தார்ச்சாலை வேறு, டயர் உருளும் பரப்பு வேறு. டயருக்கானதுதான் நெருக்கமான வலை. அதனால் திரையில் வழவழப்பாகத் தெரியும் இடத்தில்கூட கைக்கு மேடு தட்டும். ஆனால் ஸ்கேன் எடுத்த அன்று சாலை எப்படி இருந்ததோ அப்படியேதான் நிற்கும். அசெட்டோ கோர்சாவுக்கு இந்தத் தடம் வந்தது 2015 மார்ச்சில். அதே மாதம் 28ஆம் தேதி, நிஜத் தடத்தின் ஃப்ளுக்பிளாட்ஸ் மேட்டில் ஒரு ஜிடி3 வகைப் பந்தயக் கார் பறந்து வேலியைத் தாண்டி, பார்வையாளர் ஒருவர் இறந்தார். அதற்குப் பிறகு அங்கேயும் வேறு சில இடங்களிலும் மேடுகளைச் சமப்படுத்தினார்கள். ஆக, நீ ஓட்டுவது பழைய முரட்டுச் சாலை. இதே வரிசையின் அடுத்த விளையாட்டான அசெட்டோ கோர்சா காம்பெட்டிட்ஸியோனேயில் 2024இல் வந்த தடமோ சமப்படுத்திய பிறகான சாலை. உன் நண்பர் அதில் ஓட்டினால், அவர் மேட்டில் முழு ஆக்ஸிலரேட்டரில் போகிறாரே என்று நீயும் போகக்கூடாது. என்னைக் கேட்டால் கற்றுக்கொள்ளப் பழையதே மேல். அது ஒன்றையும் மன்னிக்காது.

இனி முட்டும் விஷயம். பாதிக் குற்றம் உன் ஃபோர்ஸ் ஃபீட்பேக் (வீல் உன் கைக்குத் திருப்பித் தரும் விசை) அளவில் இருக்கும் என்று நினைக்கிறேன். சின்ன வீலின் மோட்டாருக்குச் சக்தி குறைவு. கெய்னை (அந்த விசையின் அளவை) ஏற்றி வைத்தால் பெரிய விசை வரும்போது அது உச்சத்தில் போய் நின்றுவிடும். அதன் பிறகு முன்டயர் பிடிக்கிறதா வழுக்குகிறதா என்று கைக்கே தெரியாது. விளையாட்டுக்குள்ளேயே இருக்கும் பெடல்ஸ் ஆப்பைத் திறந்து வைத்து ஓட்டு. விசைப்பட்டை சிவப்பாக மாறினால் உச்சம் தொட்டுவிட்டது என்று பொருள். நம்பர் பேடில் மைனஸை அழுத்தி அந்தக் காருக்கு மட்டும் குறைக்கலாம். சமதளத்தில் அளக்காதே. ஃபுக்ஸ்ரோரே பள்ளத்தின் அடியிலும் காருசெல் வளைவின் கான்கிரீட் சரிவிலும் எப்போதாவது மட்டும் சிவப்பு எட்டிப்பார்க்கும்படி வை. மற்ற இடங்களில் வீல் லேசாகத் தோன்றும், பழகிவிடும்.

மீதிப் பாதி செட்டப், அதாவது காரின் உயரம் முதலியவற்றை வைக்கும் விதம். வேறு தடத்துக்காகத் தாழ்த்திய காரை இங்கே கொண்டுவந்தால் ஃபுக்ஸ்ரோரே அடியில் வயிறு தரையில் உரசும். அந்த நொடியில் டயர் தாங்க வேண்டிய எடையைத் தரை வாங்கிக்கொள்கிறது. ஸ்டியரிங்கைத் திருப்பினாலும் கார் நேராகவே போகும். முன்னும் பின்னும் ஒரே அளவாக 3 முதல் 5 மி.மீ. உயர்த்திப் பார். முன்னால் மட்டும் உயர்த்தினால் வேக வளைவுகளில் மூக்கு பிடிக்காது. அந்தப் பள்ளத்திலிருந்து ஏறியதும் அடெனாவர் ஃபோர்ஸ்ட். வளைவு மேட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். கண்ணில் பட்ட பிறகு பிரேக் பிடித்தால் புல்தான். ஏற்றத்திலேயே, வீல் நேராக இருக்கும்போதே வேகத்தைக் குறைத்துவிடு. ஃப்ளுக்பிளாட்ஸிலும் ஃப்லான்ட்ஸ்கார்டனிலும் இதே கதை: கார் எடையிழக்கும் நொடியில் பிரேக்கும் வேண்டாம், திருப்பலும் வேண்டாம், இறங்கி அமர்ந்த பிறகு திருப்பு.

காருசெல்லில் சரிவுக்குள் முழுதாக இறங்கு. பாதி உள்ளே பாதி வெளியே என்று போனால் கார் வெளியே உதறும். நேரத்தைச் சம்பாதிக்க இரண்டே இடம் போதும். பெர்க்வெர்க் வெளியேற்றம், ஏனென்றால் அடுத்து கெஸ்ஸெல்ஷென் ஏற்றம் நெடுக ஆக்ஸிலரேட்டர்தான். கால்கென்கோப்ஃப் வெளியேற்றம், ஏனென்றால் அடுத்து டோட்டிங்கர் ஹோஹே நேர்பாதை, 2 கி.மீ.க்கு மேல். மற்ற இடங்களில் உயிரோடு வா, அது போதும். சாலையில் எழுதியிருக்கும் கிறுக்கல்களைப் பிரேக் அடையாளமாக வைத்துக்கொள்ளாதே. பதிப்புக்குப் பதிப்பு மாறும். வளைவின் ஓரத்துக் கெர்ப் (விளிம்புக் கட்டை) தொடங்கும் இடத்தை வைத்துக்கொள்.

ஆன்லைனில் இறங்குமுன் ஒன்று. ஐரோப்பிய சர்வர் என்றால் நம் ஊரிலிருந்து பிங் (தகவல் போய்வரும் தாமதம்) அதிகம். முன்னால் தெரியும் காரின் இடம் ஓர் ஊகம்தான். ஒட்டி ஓட்டினால், நீ தொடாமலே மோதல் பதிவாகலாம். ஐரேசிங் என்ற ஆன்லைன் பந்தய விளையாட்டில் தடம் விட்டு விலகினால் 1 தவறுப் புள்ளி, கட்டுப்பாடு இழந்தால் 2, மற்றொரு காரோடு பலமாக மோதினால் 4. எரிபொருளையும் இங்கே வேறு மாதிரி கணக்கிட வேண்டும்: நேர அளவுப் பந்தயத்தில் முதல் ஆள் கடைசி வினாடியில் கோட்டைத் தாண்டிவிட்டால் இன்னொரு முழுச் சுற்று பாக்கி. அந்த ஒரு சுற்றுக்கான எண்ணெயை எப்போதும் கூடுதலாகப் போடு.

கெய்னைச் சரிசெய்துவிட்டு, எந்தக் கார், எந்த அமைப்பு, எவ்வளவு உயரம் என்று எழுது. ரீப்ளே கோப்பையும் அனுப்பு, பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
சேகர்