பேப்பர் போடும் முன், தம்பி

அன்புத் தம்பிக்கு,

"பதினைந்து நிமிஷம் பேசணும்" என்று மட்டும் போட்டு, திங்கட்கிழமைக்கு ஹெச்ஆர் மீட்டிங் வைத்திருப்பதாக எழுதியிருந்தாய். பிஐபி, அதாவது வேலையில் முன்னேற்றம் காட்ட உனக்குக் கொடுத்த கெடு, முடிய இன்னும் பத்து நாள் இருக்கும்போது வரும் இந்த அழைப்பு எதற்கு என்று நீயும் ஊகித்திருப்பாய்.

அந்த அறையில் உன் மேனேஜரும் இருப்பார். லேப்டாப்பில் ராஜினாமா பக்கம் ஏற்கெனவே திறந்திருக்கும். காரணம் என்ற கட்டத்தில் 'சொந்தக் காரணம்' என்று இருக்கும். "நீங்களே பேப்பர் போட்டால் ரிலீவிங் லெட்டர் சுத்தமாக வரும், இல்லையென்றால் டெர்மினேஷன், சாயங்காலம் ஆறு மணி வரைதான் டைம்" என்பார்கள். அந்த ஆறு மணிக் கெடு எந்தச் சட்டத்திலும் கிடையாது.

அவசரம் அவர்களுக்குத்தான். நீயாகப் போனால் அது ஆட்குறைப்பு ஆகாது. ஆட்குறைப்பு என்றால் ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், அதற்கு மேல் முடித்த ஒவ்வொரு ஆண்டுக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம் தர வேண்டும். உன் ஆறு வருஷத்துக்கு 90 நாள். 1947-ன் தொழிற்தகராறு சட்டத்திலும், 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்துக்கு வந்த தொழிலுறவுத் தொகுப்பிலும் இதே கணக்குதான். இந்தச் சட்டப் பாதுகாப்பு 'தொழிலாளி'க்குத்தான் என்பதால், "நீ டீம் லீட், தொழிலாளி இல்லை" என்று மடக்குவார்கள். பதவியின் பெயரை வைத்து அது முடிவாவதில்லை. நாளெல்லாம் கோடு எழுதுகிற, யாருக்கும் லீவு அப்ரூவ் பண்ணவோ ரேட்டிங் போடவோ அதிகாரமில்லாத உனக்கு, தொழிலாளி என்று வாதாட நல்ல இடமிருக்கிறது.

அறையில் ஒன்றே ஒன்று சொல்: "யோசித்து மெயிலில் பதில் தருகிறேன்." எதிலும் கையெழுத்துப் போடாமல் எழுந்து வா. அன்று மாலையே ஹெச்ஆருக்கு உன் சொந்த மெயிலிலிருந்து எழுது. ஆபீஸ் லாகினை முடக்கினாலும் பிரதி உன்னிடம் இருக்கும். தேதி, நேரம், யார் யார் இருந்தார்கள், என்ன வாக்கியம் சொன்னார்கள், ராஜினாமா செய்ய எனக்கு விருப்பமில்லை, பிஐபி இலக்குகளில் இவையிவை முடிந்தன. அவ்வளவு போதும். 'மிரட்டினார்' என்று எழுதாதே. அவர் சொன்னதை அப்படியே மேற்கோளில் போடு. 'ஓனர்ஷிப் காட்ட வேண்டும்' மாதிரி அளக்க முடியாத இலக்கு இருந்தால், அதை எப்படி அளப்பீர்கள் என்று அதே மெயிலில் கேள். மேனேஜர் ரத்து செய்த வாராந்திர ரிவ்யூக்களின் தேதிகளையும் சேர்.

பதற்றத்தில் சப்மிட் பண்ணிவிட்டால், அவர்கள் ஏற்கும் முன், அன்று இரவே வாபஸ் மெயில் அனுப்பு.

ஒரு விஷயத்தில் மட்டும் ரொம்பக் கவனம். கிளையன்ட் கோடு, கிளையன்ட் மெயில் எதையும் வெளியே அனுப்பாதே, திரையைப் போட்டோ எடுக்காதே. அது கண்டுபிடிக்கப்பட்டால் ஒழுங்கீனம் என்று வழக்கு திரும்பும். உன் பக்க நியாயம் அத்தனையும் அதில் அடிபட்டுப்போகும்.

இவர்களோடு இனி முடியாது என்று நீயே கிளம்புவதிலும் தப்பில்லை. உன் தூக்கம் போய் மூன்று மாதமாகிறது, அதுதான் என் பெரிய கவலை. ஆனால் தேதியை நீ சொல்; நோட்டீஸ் பீரியடில் எவ்வளவு தள்ளுபடி, எத்தனை மாதச் சம்பளம் தருவார்கள் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு பேப்பர் போடு. ஐந்து வருஷம் தாண்டிவிட்டதால் நீயாகப் போனாலும் கிராஜுவிட்டி (பணிக்கொடை) உண்டு. அவர்களாகவே அனுப்பிவிட்டால், தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் தொழிலாளர் துறை இருக்கிறது. ஐடி ஊழியர்கள் சங்கம் வைக்கலாம் என்று தமிழக அரசு 2016-லேயே தெளிவுபடுத்திவிட்டது. தனியாகப் போகத் தயக்கமென்றால் சங்கத்துக்காரர்களோடு போ.

ஆஃபர் லெட்டர், அப்ரைசல் லெட்டர்கள், பேஸ்லிப்புகள், ஃபார்ம் 16, பிஐபி கடிதம், இவை உன்னுடையவை. இன்று ராத்திரியே போர்ட்டலிலிருந்து இறக்கி வைத்துவிடு.

அன்புடன்,
அண்ணன்