திரவ மீத்தேன் எப்படி இருக்கும் என்று கேட்டிருந்தாய்

சங்கரன்கோவில்
9.11.2025, ஞாயிறு

அன்பு மகள் பாப்பாவுக்கு அப்பா எழுதுவது.

நானும் உங்கம்மாவும் ஆச்சியும் நல்ல சுகம். உன் சுகத்துக்கு எழுதவும். இப்படி ஆரம்பித்தால்தான் எனக்குக் கை ஓடும். கத்தாரிலிருந்து எழுதிய காலத்துப் பழக்கம்.

இங்கே மூன்று நாளாக மழை. பின்கட்டில் பழைய இடத்திலேயே ஒழுகுகிறது. சின்னத்தை வீட்டுக் கல்யாணம் தைக்குத் தள்ளிப்போய்விட்டது. ஆச்சிக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டும் பிரித்தாயிற்று. வேறு விசேஷம் இல்லை.

அங்கே குளிர் ஏறியிருக்கும். கையுறை இல்லாமல் வெளியே இறங்காதே.

நீ அனுப்பிய புது முகவரிக்குத்தான் இதை அனுப்புகிறேன். வீட்டு எண் மட்டுமில்லை, தெருவே வேறாக இருக்கிறதே என்று உங்கம்மா கேட்டாள். லேபுக்குப் பக்கத்தில் வீடு பார்த்திருப்பாள் என்று சொல்லி வைத்தேன். மாப்பிள்ளைக்கு ஒரு தாள் தனியாக எழுதி இதே கவரில் வைக்கலாமா என்று யோசித்தேன். எழுதினேன், ஆனால் வைக்கவில்லை.

நீ பேசி ஐந்து ஞாயிற்றுக்கிழமை ஆகிறது. தீபாவளிக்கு மத்தாப்புப் படம் ஒன்று அனுப்பியிருந்தாய், வந்து சேர்ந்தது. வேலை இருக்கும், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆச்சிக்குக் கட்டுப் பிரித்த அன்றாவது ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். உன்னை வளர்த்த கை அது.

உன்னைப் பற்றி இங்கே பேசாத நாள் இல்லை. சிலிண்டர் போட வரும் தம்பி போன வாரம் கேட்டான்: "உங்க மக ஏதோ கேஸ் ஏரியைப் பத்திப் படிக்காங்களாமே, அது தீப்பிடிச்சிராதா?" அவனைத் திண்ணையில் உட்கார வைத்துச் சொன்னேன். சனிக் கிரகத்துக்கு டைட்டன் என்று ஒரு நிலா. குறுக்களவு 5,150 கிலோமீட்டர், புதன் கிரகத்தைவிடப் பெரிது. குளிர் மைனஸ் 179 டிகிரி. அந்தக் குளிரில் தண்ணீர் பாறையாகக் கிடக்கும். மீத்தேன் மழையாகப் பெய்து, ஆறாக ஓடி, ஈத்தேனோடு ஏரியில் கிடக்கும். எரிவதற்கு ஆக்சிஜன் வேண்டும், அந்தக் காற்றில் அது கிடையாது, நைட்ரஜனும் மீத்தேனும்தான். எத்தனை தீக்குச்சி கொண்டுபோனாலும் பற்றாது. லிஜியா என்ற கடல் ஏறக்குறைய நம் தமிழ்நாட்டு அளவு, கிராக்கன் அதைப்போல மூன்று மடங்கு என்றதும் வாயைப் பிளந்தான். எல்லாம் நீ சொன்னதுதான், ஒரு எண்ணைக்கூட நான் மாற்றவில்லை. அவன் போன பிறகு உங்கம்மா, "நீங்க பேசும்போது அவளே பேசுன மாதிரி இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அப்பாவுக்கும் மகளுக்கும் நடுவில் 17 டிகிரிதான் வித்தியாசம் என்று நீ ஒருமுறை சொன்னாய். அதைப்போல ஒரு பெருமை எனக்கு வேறு கிடையாது. கத்தாரில் ராஸ் லஃபான் கேஸ் பிளான்டில் வெளியே 46 டிகிரி வெயில் அடிக்கும்போது குழாய்க்குள் திரவ மீத்தேன் மைனஸ் 162. நடுவில் நாங்கள் சுற்றிய லேகிங் என்ற வெப்பம் தடுக்கும் உறை மட்டும்தான். சாதாரண இரும்பை அந்தக் குளிரில் வைத்தால் கண்ணாடி மாதிரி உடையும். டாங்கின் உள்சுவருக்கு 9 சதவீதம் நிக்கல் கலந்த இரும்பு, அதற்கும் வெளிச்சுவருக்கும் நடுவே பெர்லைட் தூள். 19 வருஷம் அந்தக் குளிர் வெளியே வராமல் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை. ஈரக் கையுறையோடு உறைபனி பிடித்த வால்வைத் தொட்ட ஒரு பையன், தோலை அங்கேயே விட்டுவிட்டுத்தான் கையை எடுத்தான். அந்தச் சத்தம் இன்னும் எனக்குக் கேட்கிறது.

உன் லேபில் டைட்டன் ஏரியை ஒரு கிண்ணத்துக்குள் செய்து வைத்திருப்பதாகச் சொன்னாயே, அங்கேயும் கையுறை போடு. காய்ந்த கையுறை, தொளதொளவென்று இருக்க வேண்டும். உள்ளே ஒரு துளி விழுந்தாலும் உதறிக் கழற்ற வரும். பேன்ட் விளிம்பு ஷூவுக்கு வெளியே இருக்கட்டும். திரவ நைட்ரஜன் ஆவியானால் மூச்சுக் காற்றைத் தள்ளிவிடும். அதற்கு வாசனை கிடையாது, மூச்சு முட்டுவதுகூடத் தெரியாமல் ஆள் சாய்ந்துவிடும். அதனால் ராத்திரி நேரத்தில் தனியாக இருக்காதே. லேபில்தான் சொல்கிறேன். தனியாக இருக்காதே.

உனக்கு ரோல்ஓவர் ஞாபகம் இருக்கும். நான் ஊரோடு வந்து சேர்ந்த 2013ஆம் வருஷக் கதை. சனியைச் சுற்றிய கசினி விண்கலம் ஜூலை 10ஆம் தேதி எடுத்த ரேடார் படத்தில் லிஜியா கடலுக்குள் புதிதாக ஒரு திட்டு வெள்ளையாகத் தெரிந்தது, 26ஆம் தேதி எடுத்த படத்தில் அதைக் காணோம். மாயத்தீவு என்று பெயர் வைத்துவிட்டார்கள் என்று நீ லேப்டாப்பில் காட்டினாய். அலையா, மிதக்கிற குப்பையா, அடியிலிருந்து பொங்கி வந்த நைட்ரஜன் குமிழியா என்று பேசுகிறார்கள் என்றாய். நான், "எங்க டாங்க்ல வர்ற ரோல்ஓவர் மாதிரியா?" என்று கேட்டேன். நீ அப்படியே நிமிர்ந்து என்னைப் பார்த்தாய். விவரம் தெரிந்த ஆளைப் பார்ப்பதுபோல நீ என்னைப் பார்த்தது அன்றுதான்.

அன்று பாதியில் விட்டதை இன்று சொல்கிறேன். டாங்கில் கனமான சரக்கும் லேசான சரக்கும் கலக்காமல் இரண்டு அடுக்காக நின்றுவிடும். மேலே பார்த்தால் ஆடாமல் அசையாமல் இருக்கும், பிரஷர் மீட்டரிலும் ஒன்றும் தெரியாது. அடி அடுக்கில் சூடு ஏறிக்கொண்டே இருக்கும், மேல் அடுக்கு அதை வெளியே விடாது. இரண்டும் ஒரே கனத்துக்கு வரும் நேரத்தில் சட்டென்று புரளும். அடைந்து கிடந்த அத்தனையும் ஒரே மூச்சில் ஆவியாக வெளியே வரும். 1971 ஆகஸ்டில் இத்தாலியில் லா ஸ்பெசியாவில் அப்படி நடந்தது. கப்பலிலிருந்து நிரப்பி ஒரு நாள்கூட ஆகவில்லை. எங்களுக்குப் பாதுகாப்பு வகுப்பில் முதலில் சொல்லித் தரும் கதை அது. அதனால் டாங்க் அமைதியாக இருக்கிறது என்று யாரும் சும்மா இருப்பதில்லை. பம்ப் போட்டு அடியில் இருப்பதை மேலே கொண்டுவந்து கொண்டுவந்து கலக்கிக்கொண்டே இருப்பார்கள்.

லிஜியா கடலில் அலைகூட இல்லை, கண்ணாடி மாதிரி கிடக்கிறது, ரேடார் 160 மீட்டர் ஆழத்தில் இருக்கும் தரையைத் தொட்டுத் திரும்பி வந்தது என்று நீ சொன்னாய். அவ்வளவு தெளிவு. உன் மெசேஜ்களும் இப்போது அப்படித்தான் வருகின்றன. "நல்லா இருக்கேன்பா."

அக்டோபரில் கடைசியாகப் பேசியபோது நீ சொன்னதை மறுபடி மறுபடி நினைத்துப் பார்க்கிறேன். லிஜியாவில் ஒரு படகை இறக்கும் திட்டம் நாசாவின் தேர்வில் கடைசிச் சுற்றுவரை வந்து, 2012இல் செவ்வாய்க்குப் போகும் இன்சைட் திட்டத்திடம் தோற்றது. இப்போது டைட்டனுக்கான டிராகன்ஃபிளை விண்கலம் 2028இல் கிளம்பி 2034இல் போய்ச் சேரும். ஆனால் அப்போது வடக்கே குளிர்காலம். கடல்களெல்லாம் இருட்டில் கிடக்கும், பூமியும் அங்கிருந்து தெரியாது. அதனால் அது நடுக்கோட்டுப் பக்கம் மணல்மேட்டில்தான் இறங்கும். "போன மே மாசத்தோட வடக்கே பொழுது சாஞ்சிருச்சுப்பா, இனிமே விடிய 2039 ஆகும்" என்றாய். அன்று உன் குரல் சரியாக இல்லை. ஏரியைப் பற்றித்தான் பேசுகிறாய் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

இதையெல்லாம் எழுத நான் உட்காரவில்லை தாயி. வேறு ஒன்றைச் சொல்ல உட்கார்ந்தேன், மூன்று தாள் ஓடிவிட்டது.

பின்கட்டில் ஒழுகிய தண்ணீர் என் ட்ரங்குப் பெட்டிக்குள் இறங்கிவிட்டது. புதன்கிழமை எல்லாவற்றையும் எடுத்து நடுவீட்டில் காயப் போட்டேன். பழைய கடிதக் கட்டில் உன் கவர் ஒன்று இருந்தது. ஓரத்தில் சிவப்பும் நீலமும் கோடு போட்ட கவர், முகவரியில் 'ராஸ் லஃபான்' என்பதை ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தாய். அது ஒட்டினபடியே இருந்தது. 20 வருஷமாக.

2005இல் நீ எட்டாம் வகுப்பில் எழுதியது. அதை நான் பிரிக்கவே இல்லை. அந்த மாதம் பிளான்ட் ஷட்டவுன், எனக்கு ராத்திரி ஷிப்ட். ஊர்க் கடிதம் என்றாலே பயமாக இருக்கும், வட்டிக்கு வாங்கிய கணக்குதான் வரும். அதனால் உங்கம்மா கடிதத்தை முதலில் பிரித்தேன். பாப்பா கடிதம்தானே, லீவு நாளில் நிதானமாகப் படிக்கலாம் என்று தலையணைக்கு அடியில் வைத்தேன். பிறகு கேம்ப் மாறினோம். அந்த வெள்ளிக்கிழமை போனில் நீ கேட்டாய், "அப்பா, என் லெட்டர் படிச்சீங்களா?" நான், "படிச்சேன், நல்லா இருந்துச்சு. கையெழுத்துதான் இன்னும் அழகா வரணும்" என்றேன். பிரிக்காத கடிதத்தின் கையெழுத்துக்குக் குறை சொன்னேன். நீ, "சரிப்பா" என்றாய். அதற்குப் பிறகு எனக்கு நீ எழுதவே இல்லை. பெரிய பிள்ளையாகிவிட்டாய், படிப்பு அதிகம் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

புதன்கிழமை படித்தேன். பொங்கல் அன்று டைட்டனில் ஹைகன்ஸ் விண்கலம் இறங்கியதை டிவியில் காட்டியதாக எழுதியிருந்தாய். ஆரஞ்சு வெளிச்சத்தில் உருண்டை உருண்டையாகக் கல் கிடக்கும் படத்தை நீயே கலர் பென்சிலால் வரைந்திருந்தாய். அதற்குக் கீழே, "அங்கே கல்லெல்லாம் தண்ணியால ஆனது அப்பா, தண்ணி இருக்க வேண்டிய எடத்துல உங்க கம்பெனி கேஸ் இருக்கலாமாம்" என்று. அப்போது ஏரிகளைக் கண்டுபிடித்திருக்கவில்லை, அது மறு வருஷம் ஜூலையில்தான். நீ அதற்கு முன்பே எழுதிவிட்டாய்.

மூன்றாம் பக்கத்தில் ஹைகன்ஸ் இரண்டு அலைவரிசையில் செய்தி அனுப்பியது, அதைக் கேட்க வேண்டிய தாய்க்கலம் கசினியில் ஒரு ரிசீவரை ஆன் செய்யும் கட்டளையை விட்டுவிட்டார்கள், அதனால் பாதிப் படம் போய்விட்டது, 350தான் வந்தது என்று வருத்தப்பட்டிருந்தாய். "அது ரெண்டு மணி நேரத்துக்கு மேல பேசிட்டே எறங்குச்சு அப்பா, கேக்கத்தான் ஆள் இல்ல." அந்த வரியைத் தாண்ட எனக்கு அன்று முழுக்க ஆயிற்று. போன படங்கள் போனதுதான், ஆனால் அந்தச் சன்னமான சிக்னலைப் பூமியிலேயே பெரிய ரேடியோ தொலைநோக்கிகளில் பிடித்து, காற்றின் வேகத்தை மட்டும் மீட்டார்கள் என்று காலேஜில் படிக்கும்போது நீ சொன்னது ஞாபகம் வந்தது. அப்போதும் நான் அரைக் காதோடுதான் கேட்டேன்.

என்னிடம் நீ இரண்டு கேள்வி கேட்டிருந்தாய். பதில் எழுதுகிறேன்.

"திரவ மீத்தேன் பாக்க எப்படி இருக்கும்? தண்ணி மாதிரியா?" ஆமாம் தாயி, தண்ணீர் மாதிரியேதான் இருக்கும். நிறம் இல்லை. நம் வீட்டு சிலிண்டர் வாசனை வெளியில் சேர்ப்பது, இதற்கு வாசனையும் இல்லை. 19 வருஷத்தில் அதை நான் கண்ணால் பார்த்தது ஒரே ஒரு தடவை, பாதுகாப்பு வகுப்பில். மற்ற நாளெல்லாம் அது குழாய்க்குள் போகும், நான் வெளியே நிற்பேன். வாத்தியார் ஃப்ளாஸ்க்கிலிருந்து ஒரு கண்ணாடிக் குவளையில் ஊற்றினார். அடுப்பு இல்லாமலே கொதித்தது. குவளைக்கு வெளியே பனி பூத்தது, விளிம்பிலிருந்து வெள்ளைப் புகை வழிந்து மேஜையில் இறங்கித் தரையோடு ஊர்ந்தது. அது மீத்தேன் இல்லை, அந்த அறைக் காற்றின் ஈரம்தான் என்றார். மிச்சத்தைத் தண்ணீர்த் தொட்டியில் ஊற்றினார். மேலேயே மிதந்து, படபடவென்று துள்ளி, அது நின்ற இடத்தில் மெல்லிசாக ஐஸ் கட்டியது. ஐந்து நிமிஷத்தில் குவளை காலி. உள்ளே விரலை விட்டுப் பார்த்தேன், ஈரம்கூட இல்லை.

"அந்தத் தண்ணில நீச்சல் அடிக்கலாமா?" முடியாது. தண்ணீர் கனத்தில் பாதிகூட அது இல்லை, நம்மைத் தாங்காது, முங்கிவிடுவோம். குளத்தில் உனக்குக் கற்றுத் தருகிறேன் என்று சொன்னதும் நான் செய்யாமல் விட்டதுதான்.

நாலாம் பக்கம் இருக்கிறது. மழைத் தண்ணீர் அதன் மேல்தான் நின்றிருக்கிறது, மை முழுக்கக் கரைந்துவிட்டது. வெயிலில் பிடித்துப் பார்த்தேன், உங்கம்மா கண்ணாடியைப் போட்டும் பார்த்தேன். மேலே 'அப்பா' என்பதும் கீழே ஒரு கேள்விக்குறியும்தான் தெரிகிறது. அதில் என்ன கேட்டிருந்தாய் என்று நினைவிருந்தால் சொல். எந்த நேரமானாலும் சரி, போன் என் தலைமாட்டில்தான் இருக்கிறது.

கையுறை போடு.

அப்பா