சில்வர்டிப் தனி இனம் அல்ல

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற இதழின் ராக்கி மலைக் கட்டுரை, வட அமெரிக்கப் பழுப்புக் கரடியான கிரிஸ்லியையும் சில்வர்டிப்பையும் இரண்டு கரடிகளாகப் பிரித்திருக்கிறது. இரண்டும் ஒன்றே. அமெரிக்காவின் மொன்டானா, வயோமிங் மாநிலங்களின் பக்கத்து மக்கள் கிரிஸ்லிக்கு வைத்த வட்டாரப் பெயர்தான் சில்வர்டிப், அதாவது 'வெள்ளி நுனி'.

அதன் நீண்ட மேல்மயிரின் அடி கறுப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும். நுனி மட்டும் வெளுத்திருக்கும். முதுகிலும் தோளிலும் இது அதிகம். சாய்வெயில் பட்டால் சாம்பல் தூவினாற்போல் மினுங்கும். கிரிஸ்லி என்ற சொல்லும் இந்த நரையைத்தான் குறிக்கிறது. ஆனால் ஆங்கிலத்தில் அதே ஒலியில் 'கோரமான' என்ற பொருள்தரும் வேறொரு சொல்லும் உண்டு. 1815-இல் அறிவியல் பெயரிட்ட ஜார்ஜ் ஆர்ட் இந்தக் கோரத்தைப் பிடித்துக்கொண்டு 'ஹாரிபிலிஸ்' என்று வைத்துவிட்டார். தமிழில் 'கொடுங்கரடி' என்று எழுதும்போதும் நரை காணாமல் போகிறது. 'நரைக்கரடி' என்றால் இரண்டு பெயருக்கும் பொருந்தும்.

கட்டுரையில் வரும் "வெள்ளி நுனி இல்லையென்றால் கருங்கரடி" என்ற வரியை அவசியம் திருத்த வேண்டும். கருங்கரடி அதே பகுதியில் வாழும் வேறு இனம். நனைந்த உடம்பில் நுனி எடுபடாது; ஏறக்குறைய முழுக்கறுப்பான கிரிஸ்லியும் உண்டு, பழுப்புக் கருங்கரடியும் உண்டு. நிறத்தை நம்பிச் சுட்டால், 1975 முதல் அலாஸ்கா நீங்கலான அமெரிக்க மாநிலங்களில் சட்டப் பாதுகாப்பில் இருக்கும் விலங்கு சாகும். அதனால்தான் மொன்டானாவில் கருங்கரடி வேட்டை உரிமத்துக்கு முன் கரடிகளை இனம்பிரிக்கும் தேர்வு வைக்கிறார்கள்.

பார்க்க வேண்டியது தோள் திமில். மண்ணைத் தோண்டித் தோண்டித் திரண்ட தசை அது. தலையைத் தாழ்த்தி மேயும்போது கருங்கரடிக்கும் தோள் மேடாகத் தெரியும் என்பதால் திமிலை மட்டும் வைத்து முடிவுகட்டக் கூடாது. நெற்றிக்கும் மூக்குக்கும் நடுவே குழிவு, சிறிய வட்டக் காது, 5 முதல் 10 சென்டிமீட்டர் வரை நீளும் முன்னங்கால் நகம் ஆகியவற்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

கரடியே கண்ணில் படாவிட்டால் முன்னங்கால் தடம் போதும். கரடிக்குப் பெரிய விரல் வெளிப்பக்கம் இருக்கும். அதன் அடியிலிருந்து, உள்ளங்கால் பதிவின் மேல்விளிம்பைத் தொட்டு ஒரு நேர்கோடு போடுங்கள். உட்பக்கச் சுண்டுவிரல் பாதிக்கு மேல் கோட்டைத் தாண்டி முன்னே இருந்தால் கிரிஸ்லி. கோட்டுக்குப் பின்னே சரிந்திருந்தால் கருங்கரடி. ஈரமண்ணில் நகக்குத்துகள் விரலைவிட்டு வெகுதூரம் தள்ளிப் பதிந்திருந்தால் அதுவும் கிரிஸ்லிக்கே சாட்சி.

அடுத்த இதழில் திருத்தம் வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்