குதிரைக்குப் பெயர் உண்டு, குதிரைக்காரனுக்கு இல்லை

லெஸ்டர்
மார்ச் 3

அன்புள்ள சுப்பையா,

உன் கடிதம் கிடைத்தது. கண்புரை அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. "நீலம் இவ்வளவு நீலமாக இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது" என்று எழுதியிருந்தாயே, அதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். சிவகாசியில் காலமெல்லாம் காலண்டர் படங்களுக்கு வண்ணம் திருத்தியவன் வாயிலிருந்து வரவேண்டிய வார்த்தைதான். இன்னொரு கண்ணையும் தள்ளிப்போடாதே. சொட்டு மருந்தை நேரத்துக்கு விட்டுக்கொள்கிறாயா என்று தங்கச்சியிடம் போனில் கேட்பேன், ஏமாற்ற முடியாது.

இங்கே எல்லோரும் சுகம். குளிர்தான் இன்னும் விட்டபாடில்லை. மாடிப்படியைக் கண்டால் என் முழங்கால் முரண்டு பிடிக்கிறது. சின்னவனுக்கு பெல்பாஸ்டில் ஆஸ்பத்திரி வேலை நிலைத்துவிட்டது. பேத்தி தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிறாள்; 'ழ' வருகிற இடத்தில் மட்டும் இருவருக்கும் தினமும் பஞ்சாயத்து.

நீ கேட்டதற்கு வருகிறேன். நான் அனுப்பிய போட்டோவில் எங்களையெல்லாம் விட்டுவிட்டு, பின்சுவரில் தொங்கிய படத்தைப் பார்த்திருக்கிறாய். சிவப்புக் கோட்டுக்காரர்கள் குதிரையில் வேலி தாண்டுகிறார்களே, அது எந்தக் காலத்து அச்சு என்று விசாரிக்கிறாய். உன் புத்தி வேறு எங்கே போகும்!

அது நரிவேட்டைப் படம். இந்தப் பக்கம் பழைய மதுக்கடை எதில் நுழைந்தாலும் இப்படி நாலு படம் வரிசையாக மாட்டியிருப்பார்கள்: ஆட்கள் கூடுவது, நரியைக் கிளப்புவது, துரத்துவது, கொல்வது. ஹென்றி ஆல்கன் (1785–1851) என்பவர் இந்த வகையில் கணக்கில்லாமல் போட்டுத் தள்ளினார். அக்வாடின்ட் என்ற முறை. செப்புத் தகட்டில் பிசின் தூளை ஒட்டவைத்து அமிலத்தில் அரிக்கவிட்டால், அச்சில் மெல்லிய புள்ளி நிழல் கிடைக்கும். அச்சான பிறகு வண்ணத்தைக் கையால் பூசினார்கள். அதனால் ஒரே படத்தின் இரண்டு பழைய பிரதிகளில் கோட்டின் சிவப்பு இரண்டு விதமாக இருக்கும். எங்களுக்குப் பின்னால் தொங்கியது பிற்கால மறுஅச்சு. நாலு படத்திலும் ஒரே சிவப்பு, உயிரில்லாத சிவப்பு.

லெஸ்டர்ஷயரில் இது தொங்குவதற்குக் காரணம் இருக்கிறது. காடுகள் அழிந்து மான் குறைந்தபிறகுதான் இங்கே பிரபுக்கள் நரியின் பக்கம் திரும்பினார்கள். ஹியூகோ மெய்னல் என்ற நிலச்சுவான்தார் 1753இல் தொடங்கி ஏறத்தாழ அரை நூற்றாண்டு, எங்கள் ஊருக்கு வடக்கே குவார்ன் என்ற இடத்தில் வேட்டைநாய்க் கூட்டம் வைத்திருந்தார். மோப்பமும் வேகமும் ஒருசேர இருக்கிற நாய்களை வளர்த்தெடுத்தார். அதுவரை விடியற்காலையில் நரியின் தடத்தை மெல்ல மோந்துகொண்டு போன வேட்டை, அவர் கையில் நாலுகால் பாய்ச்சலானது. அதே காலத்தில் ஊர்ப் பொதுநிலங்களைச் சட்டம் போட்டு வளைத்து முள்வேலி வளர்த்தார்கள். ஏழைக்கு மேய்ச்சல் போயிற்று. பணக்காரனுக்குத் தாண்டுவதற்கு வேலி கிடைத்தது.

மெல்டன் மௌப்ரே என்ற சந்தை ஊர் குளிர்காலம் முழுக்கக் கனவான்களால் நிரம்பியது. படம் போடுகிறவர்களும் பின்னாலேயே வந்தார்கள். அப்படி வந்தவர்களில் ஜான் ஃபெர்னிலி வண்டிச் சக்கரம் செய்கிறவர் மகன். வண்டிப் பலகைகளில் அவர் வரைந்து வைத்திருந்ததை ரட்லண்ட் பிரபு பார்த்துவிட்டுத்தான் பென் மார்ஷல் என்ற ஓவியரிடம் பாடம் கற்க வழி செய்தாராம். அந்த மார்ஷல் ஒரு வாய்த்துடுக்கு மனிதர். தன் குதிரையை வரைய ஐம்பது கினி (அந்தக் காலத்துப் பொன் நாணயம்) கொடுக்கிறவன், பெண்டாட்டியை வரையப் பத்துக் கினி கேட்டால் அதிகம் என்கிறான், ஆகவே நான் பந்தயக் குதிரைகள் இருக்கிற நியூமார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொன்னதாகச் சொல்வார்கள்.

இந்தப் படங்களை நிறையப் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுத்தியது. நரி எங்கே? கோட்டின் பொத்தான் தெரிகிறது, சேணத்தின் வார் தெரிகிறது, நாய்கள் ஒவ்வொன்றும் தனி முகத்தோடு தெரிகின்றன. நரி மட்டும் மூலையில் ஒரு செம்பட்டைக் கீற்று. பல படங்களில் அதுவும் கிடையாது. நிஜத்திலும் நிலைமை அதுதான். நரி அற்றுப்போய்விட்டால் விளையாட்டு போய்விடுமே என்று, அது பதுங்குவதற்கென்றே முட்புதர்க் காடுகளை நட்டு வளர்த்தார்கள். நரியைத் துப்பாக்கியால் சுட்டவனை மரியாதைகெட்டவன் என்று ஒதுக்கினார்கள். 19ஆம் நூற்றாண்டில் லண்டன் லெடன்ஹால் சந்தையில் உயிருள்ள நரி விலைக்கே கிடைத்தது. வாங்கிக் கொண்டுபோய் அவிழ்த்துவிட்டுத் துரத்தினார்கள். கோழி திருடுகிற பிராணியை ஒழிக்கிறோம் என்ற அவர்களுடைய வாதத்தை இதோடு சேர்த்து வைத்துப் பார்.

2005 பிப்ரவரியிலிருந்து இங்கிலாந்திலும் வேல்ஸிலும் நாய்விட்டு நரி வேட்டையாடுவது குற்றம். இப்போது வாடை தோய்ந்த துணியை நிலத்தில் இழுத்துப்போய், அந்தத் தடத்தின் பின்னால் நாய்களை ஓட்டுகிறார்கள். அதுவும் வெறும் வேஷம் என்று எதிர்ப்பவர்கள் சொல்ல, சண்டை ஓயாமல் நடக்கிறது. ஊட்டியில் வென்லாக் டவுன்ஸ் புல்வெளியில் வெள்ளைக்காரர்கள் நரிக்குப் பதிலாகக் குள்ளநரியைத் துரத்திய கதை உனக்குத் தெரிந்ததுதான். அதை விடு.

உன்னிடம் நான் சொல்லத் துடிப்பது ஜார்ஜ் ஸ்டப்ஸைப் பற்றி (1724–1806). லிவர்பூலில் தோல் பக்குவப்படுத்துகிறவர் மகன். முப்பது வயதைத் தாண்டிய பிறகு லிங்கன்ஷயரில் ஹார்க்ஸ்டோ என்ற சிற்றூரில் ஒரு வீடு பிடித்து, பதினெட்டு மாதம் செத்த குதிரைகளை அறுத்துப் பார்த்தார். கூரையிலிருந்து இரும்புக் கொக்கிகளில், உயிரோடு நிற்கிற தோரணையில் தொங்கவிடுவார். ரத்தக்குழாய்களில் உருக்கிய கொழுப்பைச் செலுத்தி இறுகவைப்பார். பிறகு தோல், தசை, நரம்பு, எலும்பு என்று ஒவ்வோர் அடுக்காகக் களைந்து வரைவார். ஒரே குதிரை வாரக்கணக்கில் தொங்கும். அந்த நாற்றத்திலும் கூடவே நின்று உதவியவர் மேரி ஸ்பென்சர் என்ற பெண்மணி. படங்களைத் தகட்டில் செதுக்கித் தர லண்டன் தொழிலாளர் யாரும் முன்வராததால் அதையும் தானே செய்து 1766இல் புத்தகமாக்கினார். நீ பிளேட் வேலை தெரிந்தவன். இந்தப் பிடிவாதத்தின் விலை என்னவென்று உனக்குச் சொல்லவேண்டியதில்லை.

லண்டன் நேஷனல் கேலரியில் அவருடைய 'விசில்ஜாக்கெட்' இருக்கிறது. ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரம். சேணம் இல்லை, சவாரிக்காரர் இல்லை, மரம் மட்டை இல்லை, வெற்று மணல் நிறப் பின்னணியில் ஒரு குதிரை முன்கால் தூக்கி நிற்கிறது. பின்குளம்புகளின் அடியில் சிறு நிழல். தரை என்று இருப்பது அவ்வளவுதான். 1997இல் 1 கோடியே 10 லட்சம் பவுண்டுக்கு வாங்கினார்கள். கூட்டம் எப்போதும் அதன் முன்னால்தான்.

என்னை நகரவிடாமல் செய்தது அது அல்ல. பெல்பாஸ்டுக்குப் போயிருந்தபோது சின்னவன் மவுன்ட் ஸ்டூவர்ட் என்ற மாளிகைக்கு அழைத்துப் போனான். மாடிப்படிக் கூடத்தில் ஸ்டப்ஸின் 'ஹாம்பிள்டோனியன்' படம் இருக்கிறது. 1799 மார்ச்சில் நியூமார்க்கெட்டில் ஹாம்பிள்டோனியன், டயமண்ட் என்ற இரண்டு பந்தயக் குதிரைகள் மோதின. பணயம் 3,000 கினி. நாலு மைலுக்கும் மேற்பட்ட ஓட்டம். ஹாம்பிள்டோனியன் மிகக் குறைந்த இடைவெளியில் வென்றது. சாட்டையாலும் குதிமுள்ளாலும் பிய்த்தெடுத்துத்தான் அதை வெல்லவைத்தார்கள். அதன் சொந்தக்காரர் சர் ஹென்றி வேன்-டெம்பெஸ்டுக்காக ஸ்டப்ஸ் இந்தப் படத்தை வரைந்தபோது அவருக்கு வயது எழுபத்தைந்து.

படத்தில் கோப்பை இல்லை, கைதட்டும் கூட்டம் இல்லை. ஓட்டம் முடிந்து குதிரையின் உடம்பைத் துடைத்துவிடுகிற நேரம். அகலம் மட்டும் மூன்றரை மீட்டருக்கு மேல். காதுகள் பின்னால் மடிந்திருக்கின்றன. வாய் திறந்து பல் தெரிகிறது. தலைமாட்டில் தொப்பிக்காரர் ஒருவர் கடிவாளத்தைப் பிடித்திருக்கிறார். பக்கத்தில் லாயத்துப் பையன். ஒரு கையைக் குதிரையின் மேல் போட்டிருக்கிறான், மறுகையில் துடைக்கிற துணி. இரண்டு பேரும் நேரே நம்மைப் பார்க்கிறார்கள். முகத்தில் வெற்றி பெற்ற களை துளியும் இல்லை. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற பார்வை. நான் கொஞ்சம் கூச்சத்தோடுதான் நின்றேன். சர் ஹென்றி பணம் தர மறுத்தார். கிழவர் வழக்குப் போட்டு ஜெயித்தார்.

அதற்குப் பிறகு ஸ்டப்ஸின் மற்றப் படங்களையும் இந்தக் கண்ணோடுதான் பார்க்கிறேன். 'கிம்கிராக்' என்ற சாம்பல் குதிரையின் படத்தில் அதே குதிரை இரண்டு முறை வருகிறது. தூரத்தில் மற்றக் குதிரைகளை முந்தி ஓடுகிறது. அருகில், ஓடி முடித்து நிற்கிறது, பையன் உடம்பு தேய்க்கிறான். குற்றாலம் சித்திரசபைச் சுவரில் ஒரே ஆள் அடுத்தடுத்து வருவதைக் காட்டி நீ எனக்கு விளக்கினாயே, அந்த முறைதான். பார்வையாளர் மேடை காலி. சொந்தக்காரப் பிரபுவும் படத்தில் இல்லை. தலைப்பிலே 'கிம்கிராக்' என்று குதிரைக்குப் பெயர் இருக்கிறது. மனிதர்கள் 'ஒரு பயிற்சியாளர், ஒரு லாயத்துப் பையன், ஒரு சவாரிக்காரர்'. பெயர் கிடைக்காதவர்களுக்கு ஸ்டப்ஸ் முகத்தைக் கொடுத்திருக்கிறார் என்பது என் கட்சி. குதிரையின் தசைக்குக் காட்டிய அதே கவனம் அந்த முகங்களுக்கும் கிடைத்திருக்கிறது. பணம் கட்டிய பிரபுக்களை அவர் வரைந்த படங்களில் அந்த அக்கறை எனக்குத் தென்படவில்லை, நீ மறுக்கலாம்.

நம் மதராஸ் வந்து சேர்கிற ஒரு படமும் உண்டு. மான்செஸ்டர் ஓவியக்கூடத்தில் பார்த்தேன். மதராஸ் கவர்னராக இருந்த ஜார்ஜ் பிகட், மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு ஒரு சிவிங்கிப்புலியைக் காணிக்கையாகக் கொடுத்தார். நம் பக்கத்து ராஜாக்கள் சிவிங்கியை விட்டு மான் பிடிப்பதை இங்கேயும் செய்துகாட்டலாம் என்று 1764இல் விண்ட்சர் பூங்காவில் ஒரு கலைமானின் மேல் ஏவினார்கள். மான் கொம்பைத் தாழ்த்தி எதிர்த்ததில் சிவிங்கிதான் பின்வாங்கியது! ஸ்டப்ஸ் தோல்வியை விட்டுவிட்டு அதற்கு முந்தைய கணத்தை எடுத்துக்கொண்டார். வெள்ளை உடையும் தலைப்பாகையுமாக இரண்டு இந்தியர்கள். ஒருவர் சிவப்புப் பட்டையால் சிவிங்கியை இழுத்துப் பிடித்திருக்கிறார், இன்னொருவர் மானைக் கைகாட்டுகிறார். பொம்மை இந்தியர்கள் அல்லர். ஆளுக்கொரு முகம், நம் தெருவில் பார்க்கக்கூடிய முகம். தலைப்பில் அவர்களும் வெறும் 'இரண்டு இந்தியப் பணியாளர்கள்'தான். பிகட் பின்னர் மறுபடியும் மதராஸ் கவர்னராக வந்து, தன் சபை உறுப்பினர்களாலேயே 1776இல் சிறைப்பிடிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு காவலிலேயே இறந்தார்.

உனக்கென்று ஒரு விஷயம் வைத்திருக்கிறேன். நீ திருத்திய கீதோபதேசக் காலண்டரில் தேர்க்குதிரைகள் முன்கால் இரண்டையும் முன்னே, பின்கால் இரண்டையும் பின்னே நீட்டிப் பறக்குமே, ஆல்கனின் குதிரைகளும் அப்படித்தான் பறக்கின்றன. 1878இல் கலிபோர்னியாவில் எட்வர்ட் மைபிரிட்ஜ் வரிசையாகக் கேமராக்களை வைத்து ஓடும் குதிரையைப் படமெடுத்தார். நாலு காலும் தரையை விட்டு எழுவது உண்மை. ஆனால் அப்போது கால்கள் வயிற்றுக்கு அடியில் மடங்கியிருக்கின்றன. நூறாண்டுக்கு மேல் வேட்டைக்காரர்களும் ஓவியர்களும் தினமும் பார்த்துவந்ததை ஒருவரும் பார்க்கவில்லை. இருந்தாலும் உன் காலண்டரில் காலை மடக்கிவிடாதே. கிருஷ்ணன் ஓட்டுகிற தேர் பறந்தால்தான் அழகு.

ஆல்ஃபிரட் மன்னிங்ஸ் பற்றியும் எழுதவேண்டும், இடமில்லை. லித்தோ அச்சகத்தில் தொழில் பழகி, சாக்லேட் விளம்பரம் வரைந்து, இளம் வயதிலேயே முள் குத்தி ஒரு கண்ணை இழந்து, மிச்சக் கண்ணோடு குதிரை மேல் விழும் குளிர்கால வெயிலை வரைந்த ஆள். 1949இல் ராயல் அகாடமி விருந்தில் பிக்காசோவைத் திட்டி ரேடியோவில் பேசிப் பெயரைக் கெடுத்துக்கொண்டார். அடுத்த கடிதத்தில் பார்ப்போம்.

ஹாம்பிள்டோனியன், சிவிங்கி இரண்டையும் அச்செடுத்து உள்ளே வைத்திருக்கிறேன். என் பிரிண்டர் சிவப்பைக் கொஞ்சம் விழுங்கிவிட்டது, பொறுத்துக்கொள். ஹாம்பிள்டோனியனின் கால்களை மட்டும் நிதானமாகப் பார். அப்படி ஒரு குதிரை நிற்கவே முடியாது என்கிறார்கள். அத்தனை குதிரைகளை அறுத்துப் பார்த்தவர் ஏன் அப்படி வரைந்தார் என்று எனக்குப் பிடிபடவில்லை. உன் புதுக் கண் என்ன சொல்கிறது என்று எழுது. மகள் கல்யாணத் தேதி முடிவானதும் முதல் தகவல் எனக்கு வரவேண்டும். விமான டிக்கெட் விலை ஏறுவதற்குள் வாங்கிவிட வேண்டும்.

அன்புடன்,
ராமச்சந்திரன்